டீ குடித்துவிட்டு வந்தால் சாஃப்ட்வேர் நின்றுவிடுகிறது

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல், நெட்வொர்க் எல்லாம் வேலையில் பழகியதுதான். சர்வர் அவிநாசி ரோடு ஆபீஸில் இருக்கிறது. லினக்ஸ், அதில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். பெருந்துறையில் ஒரு குடோன். இரண்டு பக்கமும் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வால், நடுவில் இரண்டு ஊரையும் மறைவாக இணைக்கும் விபிஎன். குடோன் பையன் டீ குடித்து, லோடு ஏற்றிவிட்டு வந்து டெலிவரி சலான் (டிசி) போட உட்கார்ந்தால் சாஃப்ட்வேர் அப்படியே நின்றுவிடுகிறது. 20 விநாடி சுற்றிவிட்டு எரர் காட்டுகிறது. மூடித் திறந்தால் உடனே வேலை செய்கிறது. சில நாள் அவன் திறந்து வைத்திருந்த லாட் பதிவை ஆபீஸிலும் யாராலும் திறக்க முடிவதில்லை. மதியம் ஒரு மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. லைன் கொடுத்தவர்கள் பிங், ஸ்பீடு டெஸ்ட் எல்லாம் காட்டி, லைன் நல்லா இருக்குங்க என்கிறார்கள். சாஃப்ட்வேர்காரர் நெட்வொர்க் பிரச்னை என்கிறார். முதலாளி என்னைப் பார்க்கிறார். குடோன் கம்ப்யூட்டரில், நெட்வொர்க்கில் போய்வருவதைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் போட்டு ஒரு நாள் முழுக்கக் கேப்சர் எடுத்தேன். இரண்டு லட்சம் பாக்கெட். கறுப்பும் சிவப்புமாக இருக்கிறது, பாதி வரியில் செக்சம் (சரிபார்ப்பு எண்) தப்பு என்று வருகிறது. நெட்வொர்க் கார்டு போய்விட்டதா? ஃபைலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கார்டு போகவில்லை. செக்சம் தப்பு என்று வரும் வரிகளைத் திரும்பப் பாருங்கள். எல்லாமே உங்கள் குடோன் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிறவை. உள்ளே வருகிற ஒன்றில்கூட அந்தத் தப்பு இல்லை. இப்போதைய கார்டுகள் செக்சம் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். வயர்ஷார்க் பாக்கெட்டை எடுப்பது கார்டுக்குப் போவதற்கு முன்னால். அந்த இடத்தில் கணக்கு இன்னும் போடப்படவில்லை, அதனால் தப்பாகத் தெரிகிறது. கம்பியில் போகும்போது சரியாகத்தான் போகிறது. டிசிபி (இணைப்பு வைத்துப் பேசும் நெட்வொர்க் முறை) செக்சம் சோதனையை வயர்ஷார்க் சாதாரணமாக நிறுத்தித்தான் வைத்திருக்கும், நீங்கள் எங்கோ இயக்கியிருக்கிறீர்கள். அணைத்துவிடுங்கள், பாதிக் கறுப்பு மறைந்துவிடும். வெளியே போகிற சில பாக்கெட் 1514 பைட்டைத் தாண்டி 2900, 4300 என்று நிற்கிறதே, அதுவும் இதே கதைதான். பெரியதைத் துண்டு போடும் வேலையைக் கார்டு எடுத்துக்கொள்கிறது.

அப்புறம், அந்த இரண்டு லட்சம். அதை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. போஸ்ட்கிரஸ் பேசுவது 5432 போர்ட்டில், அதாவது அந்த வாசல் எண்ணில், என்பதால் அதை மட்டும் வடிகட்டினேன். 11 மணியை ஒட்டி நின்றுபோன ஒரே ஒரு உரையாடலை எடுத்துக்கொண்டேன். மிஞ்சியது 40 வரிக்குள். அதில் உங்களுக்கு வேண்டியது கடைசி ஒன்பது வரி.

10:58:41-க்கு சர்வர் ஒரு பதில் தருகிறது, குடோன் கம்ப்யூட்டர் பெற்றுக்கொண்டேன் என்கிறது. அதோடு இரண்டு பக்கமும் அமைதி. 11:34:07-க்குக் குடோன் கம்ப்யூட்டர் 87 பைட் அனுப்புகிறது. பையன் வந்து உட்கார்ந்து பட்டனை அழுத்திய நொடி அது. பதில் இல்லை. 0.3 விநாடி பொறுத்து அதே 87 பைட்டைத் திரும்ப அனுப்புகிறது. பதில் இல்லை. பிறகு 0.6 விநாடி, 1.2, 2.4, 4.8 என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு பொறுத்துப் பொறுத்து அனுப்பிப் பார்க்கிறது. மொத்தம் ஐந்து மறுமுறை. கடைசியாக 9.6 விநாடி காத்திருந்துவிட்டு, இனி முடியாது என்று ரீசெட் அனுப்பி மூடிவிடுகிறது. கூட்டிப் பாருங்கள், 18.9 விநாடி வரும். நீங்கள் சொன்ன 20 விநாடிச் சுற்றல் இதுதான். பதில் வராவிட்டால் விண்டோஸ் வழக்கமாக ஐந்து தடவை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். சாஃப்ட்வேரின் எரர் செய்தியில் என்ன எழுதியிருந்தாலும் நடந்தது இவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு இந்தக் கேப்சரைவிட அதிகம் சொன்னது. மூடித் திறந்தால் உடனே வேலை செய்கிறது என்றீர்கள். அதே கம்பி, அதே விபிஎன், அதே சர்வர். புதிதாகத் தொடங்கினால் போகிறது, பழையதைத் தொடர்ந்தால் போகவில்லை. கம்பியில் பழுது இருந்தால் பழசு புதுசு என்று அது பிரித்துப் பார்க்காது. வழியில் எங்கோ ஒரு கருவி இந்த உரையாடலை நினைவில் வைத்திருந்து, பிறகு மறந்துவிட்டது.

நினைவு வைத்திருப்பது ஃபயர்வாலின் வேலை. உள்ளேயிருந்து ஒரு இணைப்பு தொடங்கும்போது, இன்னார் இன்னாரோடு இந்தப் போர்ட்டில் பேசுகிறார் என்று ஒரு அட்டவணையில் எழுதிக்கொள்ளும். அடுத்தடுத்து வருவதை அந்த வரியோடு ஒப்பிட்டுத்தான் விடும். ரொம்ப நேரம் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் அந்த வரியை அழித்துவிடும். இல்லாவிட்டால் அட்டவணை நிறைந்துபோகும். அழித்த பிறகு பழைய உரையாடலிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால், தொடக்கக் கைகுலுக்கல் இல்லாமல் நடுவில் நுழைகிற ஆளாகத்தான் அது தெரியும். பல ஃபயர்வால்கள் சத்தமில்லாமல் அதைக் கீழே போட்டுவிடும். அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அந்த மௌனத்தைத்தான் உங்கள் பையன் 20 விநாடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் கழித்து அழிப்பது? கருவிக்குக் கருவி வேறுபடும். சிலவற்றில் ஒரு மணி நேரம், சிலவற்றில் அரை மணி, இன்னும் குறைவாக வைத்ததும் உண்டு. இதே மாதிரி அட்டவணை வைத்திருக்கும், முகவரி மாற்றும் கருவிகள் டிசிபி விஷயத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2008-ல் ஒரு வரையறை வந்தது, ஆர்எஃப்சி 5382. நடப்பில் இருக்கும் இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் மறக்கக் கூடாது என்கிறது அது. ஏன் அந்த விநோதமான 4 நிமிடம்? பேசாமல் கிடக்கும் இணைப்பில், இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் கீப்-அலைவ் என்ற ஒரு வழக்கம் டிசிபி-யில் உண்டு. அதன் வழக்கமான இடைவெளி 2 மணி நேரம். அந்தக் கேள்வி வந்துசேரும் வரையாவது வரியை அழிக்காதே என்பதுதான் கணக்கு. நடைமுறையில் இதைப் பார்த்து அமைத்தவர்கள் குறைவு. உங்கள் இடத்தில் 2 மணி நேரம் கழித்துக் கேள்வி கிளம்புகிறது, அதற்குள் ஃபயர்வால் எப்போதோ மறந்துவிட்டது.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. லாட் பூட்டிக்கொள்கிறது, மதியம் ஒரு மணிக்கு மேல் தானாகத் திறக்கிறது என்றீர்களே, அந்த இடத்துக்கு வாருங்கள். குடோன் பக்கம் கைவிட்டது சர்வருக்குத் தெரியாது, ரீசெட்டும் வழியிலேயே விழுந்துவிட்டது. பையன் இன்னும் அந்த லாட்டைத் திறந்து வைத்திருக்கிறான் என்றே சர்வர் நம்பிக்கொண்டிருக்கிறது, பூட்டை விடவில்லை. லினக்ஸ் 7200 விநாடி பொறுத்து முதல் கேள்வியை அனுப்பும். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் 9 தடவை கேட்டுப் பார்த்துவிட்டு இணைப்பை அறுக்கும். 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. கடைசிப் பேச்சு 10:58:41. கூட்டினால் 13:09:56. ஒரு மணிக்கு மேல்தானே சரியானது என்றீர்கள்! உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு மனது நிறைந்துபோனது. பார்த்ததை நேரத்தோடு அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய முதல் குணம் அதுதான், எந்தப் படிப்பு படித்தோம் என்பது அதற்கு அப்புறம்.

சரி, இதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படி நிரூபிக்க வேண்டும். அதற்கு உங்களிடம் இருப்பது பாதிதான். குடோன் பக்கத்தில் மட்டும் கேப்சர் எடுத்திருக்கிறீர்கள். அனுப்பினேன், பதில் வரவில்லை என்பது வரைக்கும் அது சொல்லும். போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்து பதில் திரும்பவில்லையா என்று சொல்லாது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கடைமடையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். பவானிசாகரில் திறக்கவில்லையா, நடுவில் கரை உடைந்ததா, எவராவது மதகை இறக்கிவிட்டார்களா என்பதெல்லாம் அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாது. மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், ஒரே நேரத்தில் பார்த்துச் சொன்னால்தான் சண்டை தீரும். கேப்சரும் அப்படித்தான். இரண்டு முனையிலும், ஒரே நேரத்தில், ஒரே உரையாடலைப் பிடிக்க வேண்டும். நான் இத்தனை வருடத்தில் பார்த்த தீராத நெட்வொர்க் வழக்குகளில் பெரும்பாலானவை ஒரு முனைக் கேப்சரை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டவை.

இதை நான் கற்றுக்கொண்டது ஈரோட்டில். ஒரு மஞ்சள் மண்டியில் அன்றைக்கு இதே மாதிரி ஒரு புகார். லாகின் ஆகிறது, சின்னச் சின்ன பட்டியல் எல்லாம் வருகிறது, ஸ்டாக் ரிப்போர்ட்டைத் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரை. பிங் அருமையாக இருந்தது. நான் மூன்று நாள் கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். மண்டிக்காரர் பொறுமையாக டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள்தான் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் கேப்சர் எடுத்தேன். சர்வர் பக்கத்தில் 1514 பைட் பாக்கெட் போகிறது, அதே பாக்கெட் திரும்பத் திரும்பப் போகிறது. மண்டிப் பக்கத்தில் அது ஒன்றுகூட வரவே இல்லை. சின்னது எல்லாம் வந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மண்டியின் லைன் பிபிபிஓஇ வகை, ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறையில் போட்டு அனுப்பும். அந்த உறைக்கு 8 பைட் போய்விடுவதால் ஈதர்நெட் தலைப்பு 14 நீங்கலாக 1500 பைட் போக வேண்டிய இடத்தில் 1492 தான் போகும். பெரிய பாக்கெட் வந்தால், இது நுழையாது, சின்னதாக அனுப்பு என்று வழியில் இருக்கும் ரூட்டர் ஐசிஎம்பி (பிங்கும் இந்த வகைதான்) செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அனுப்பவும் செய்தது. பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் சர்வர் பக்கத்தில் யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். செய்தி சேரவில்லை, சர்வர் அதே பெரிய பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருந்தது. மண்டி ரூட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் உச்ச) அளவை 1452 என்று கட்டிப்போட்டதும் ரிப்போர்ட் திறந்துகொண்டது. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். சீசன் நேரம், அவர்களுக்கு ஒவ்வொரு மணியும் காசு.

பிங் நல்லா இருக்கு என்று லைன்காரர் சொல்வது பொய் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். விண்டோஸில் பிங் அடித்தால் 32 பைட் தகவல் போய்த் திரும்புகிறது. 1500 பைட் போகுமா என்று அது கேட்கவில்லை. 35 நிமிடம் பேசாமல் இருந்த ஒரு டிசிபி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும் அது கேட்கவில்லை. ஸ்பீடு டெஸ்ட்டும் ஒவ்வொரு தடவையும் புது இணைப்பைத் தொடங்குகிறது. உங்கள் பிரச்னை பழைய இணைப்பில்.

இனி செய்ய வேண்டியது. நாளைக் காலை 10:45-க்கு ஆரம்பியுங்கள். சர்வரில் கேப்சர் எடுக்கும் டிசிபிடம்ப் இருக்கும், இல்லையென்றால் போட்டுக்கொள்ளலாம். குடோன் கம்ப்யூட்டரின் முகவரியையும் 5432 போர்ட்டையும் கொடுத்து, அது மட்டும் விழும்படி செய்யுங்கள். ஐசிஎம்பி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் மட்டும் எடுத்தால் போதும். ஈதர்நெட் தலைப்பு 14, ஐபி 20, டிசிபி அதிகபட்சம் 60, கூட்டினால் 94. நமக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள் இருக்கிறது. குடோனில் வயர்ஷார்க்கிலும் அதே வடிகட்டி, அதே 96. நாள் முழுக்க ஓட விடுவதாக இருந்தால் 100 எம்பி-க்கு ஒரு ஃபைல், 10 ஃபைல் ஆனதும் பழையதை அழித்துக்கொண்டே போ என்று அமைக்க முடியும், வட்டு நிறையாது. இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் என்டிபி வைத்து ஒன்றாக்கிவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பையனைச் சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு லாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கை வைக்க வேண்டாம். 11:35-க்கு போனில் இருந்துகொண்டே, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் குடோனிலிருந்து சர்வருக்கு ஒரு பிங் அடிக்கச் சொல்லுங்கள். வழக்கமான 32 இல்லை, 333 பைட் வைத்து. வேறு யாரும் அந்த அளவில் அடிக்கமாட்டார்கள். இரண்டு கேப்சரிலும் அது அடையாளக் கல் மாதிரி நிற்கும். அதற்கு அடுத்து வருவதுதான் நாம் பார்க்க வேண்டியது. இதற்காகத்தான் ஐசிஎம்பி-யைச் சேர்க்கச் சொன்னேன்.

333 பைட் பிங் இரண்டு பக்கமும் இருக்கும், பதிலும் திரும்பியிருக்கும். லைன் அந்த நொடியில் உயிரோடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த வரி, 87 பைட், குடோன் பக்கத்தில் ஆறு தடவை இருக்கும். சர்வர் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது என்பது என் கணிப்பு. குடோன் பக்கத்துப் போர்ட் எண்ணையும் வரிசை எண்ணையும் வைத்து ஒப்பிடுங்கள். வயர்ஷார்க் வரிசை எண்ணை 0-விலிருந்து சுருக்கிக் காட்டும், இரண்டு ஃபைலை ஒப்பிடும்போது அந்தச் சுருக்கத்தை அணைத்துவிட்டு முழு எண்ணைப் பாருங்கள். ஒருவேளை சர்வர் பக்கத்திலும் 87 பைட் வந்து, சர்வர் பதிலும் அனுப்பியிருந்தால் திரும்பும் வழியில்தான் விழுகிறது, அப்போது எனக்கு எழுதுங்கள். வந்தும் சர்வர் பதிலே தரவில்லை என்றால் கதை முழுக்க வேறு.

சர்வருக்கு வரவில்லை என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு ஃபயர்வால். எது? பெரும்பாலான ஃபயர்வால்களில் கேப்சர் எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. குடோன் ஃபயர்வாலில் உள்பக்கம் ஒன்று, விபிஎன் பக்கம் ஒன்று. உள்ளே நுழைந்து விபிஎன்-னுக்குப் போகவில்லை என்றால் மறந்தது அதுதான். போயிருந்தால் அவிநாசி ரோட்டில் இருப்பதைப் பாருங்கள். இன்னொரு சோதனையையும் சும்மா இருக்கும்போது செய்துவிடுங்கள். 20 நிமிடம் விட்டு அழுத்துங்கள், 25, 29, 31. சரியாக 30-க்கு மேல் மட்டும் அறுகிறது என்றால் அது 1800 விநாடி என்று எங்கோ எழுதி வைத்த எண். பழுதடைந்த கேபிள் கடிகாரம் பார்த்து அறுவதில்லை. முதலாளிக்கு இந்த ஒரு சோதனையே போதும், கேப்சர் காட்டிப் புரியவைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

சரிசெய்வது நிரூபிப்பதைவிடச் சுலபம். ஃபயர்வாலில் 5432 போர்ட்டுக்கு மட்டும் அந்த நேரத்தைக் கூட்டலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டாதீர்கள், அட்டவணை வீங்கும். நான் முதலில் செய்யச் சொல்வது இன்னொன்று. போஸ்ட்கிரஸ் அமைப்புக் கோப்பில் கீப்-அலைவ்ஸ் ஐடில் என்று முடிகிற ஒரு வரி இருக்கும். அதில் 0 என்றிருந்தால் லினக்ஸின் 7200 விநாடியை எடுத்துக்கொள் என்று பொருள். அதை 300 ஆக்குங்கள். பக்கத்திலேயே இன்டர்வல் என்று ஒன்று, அதை 30. கவுண்ட் என்று ஒன்று, அதை 4. சர்வரை நிறுத்த வேண்டாம், அமைப்பை ரீலோட் செய்தால் போதும். குடோனில் ஒரு முறை மூடித் திறக்கட்டும். இனி ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் போனால் சர்வரே இருக்கிறாயா என்று கேட்கும், குடோன் கம்ப்யூட்டர் இருக்கிறேன் என்னும். அந்தச் சின்னப் பேச்சைப் பார்த்து ஃபயர்வால் தன் வரியை அழிக்காமல் வைத்திருக்கும். உண்மையிலேயே குடோனில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தாலும், பூட்டிய லாட் இரண்டு மணி நேரம் கிடக்காமல் ஏழு நிமிடத்தில் விடுபடும்.

சாஃப்ட்வேர்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், சண்டையாக இல்லாமல். ஒரு ஆள் லாட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் டேட்டாபேஸில் பூட்டைப் பிடித்து வைத்திருப்பது நல்ல வழக்கம் இல்லை. சேமிக்கும்போது பிடித்தால் போதும். டீ குடிக்கப் போகிற ஆள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வெளியே நிற்பது மாதிரி இருக்கிறது இப்போது. அதே நேரம் அவரை அநியாயமாகக் குறை சொல்லவும் கூடாது. மெதுவாக இருக்கிறது என்று நாளைக்கு வேறு புகார் வந்தால், கேப்சரில் ஒன்றைப் பாருங்கள். கேள்வி போனதும் சர்வரிலிருந்து பெற்றுக்கொண்டேன் என்ற வெறும் ஒப்புகை சில மில்லி விநாடியில் வந்துவிட்டு, தகவல் மட்டும் 8 விநாடி கழித்து வருகிறதா? அப்படியென்றால் நெட்வொர்க் தன் வேலையைச் செய்துவிட்டது, யோசிப்பது சர்வர். ஒப்புகையே தாமதமாக வருகிறது, மறு அனுப்பல் நிறைய இருக்கிறது என்றால் வழியைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வாக்குவாதம் ஓய்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய ஃபைலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அதைத் திறந்ததும் எனக்கு உங்கள் பார்ட்டியின் பெயர் தெரிந்தது, ஸ்டைல் நம்பர் தெரிந்தது, பீஸ் ரேட்டும் தெரிந்தது. டேட்டாபேஸ் பேச்சு மறைகுறி இல்லாமல் வெறுமனே போகிறது. திருப்பூரில் ரேட் வெளியே போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபைலை அழித்துவிட்டேன். கேப்சர் எடுக்கும் முன்னால் முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுங்கள், யாருக்காவது அனுப்பினால் 96 பைட்டில் வெட்டியதை அனுப்புங்கள். அந்த 96-க்கு இரண்டாவது காரணம் இது. வசதி இருக்கும்போது போஸ்ட்கிரஸில் மறைகுறியையும் இயக்கிவிடுங்கள். விபிஎன் இரண்டு ஊருக்கு நடுவில்தான் காக்கும், ஆபீஸுக்குள்ளும் குடோனுக்குள்ளும் அந்த ரேட் திறந்தபடிதான் ஓடுகிறது.

இன்னொரு கேப்சரையும் எடுத்து வையுங்கள். எந்தப் புகாரும் இல்லாத ஒரு சாதாரண நாளில், லாகின் ஆவதிலிருந்து ஒரு டிசி போட்டு முடிப்பது வரை. கைகுலுக்கல் எத்தனை மில்லி விநாடி, ஒரு டிசி-க்கு எத்தனை பாக்கெட் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று சொல்ல, காய்ச்சல் இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றத்தைப் போட்ட மறுநாள் அதே 10:45-க்கு அதே வடிகட்டியோடு கேப்சரை ஓட விடுங்கள். பையன் டீக்கும் லோடுக்கும் போய்விட்ட நேரத்தில், முன்பு வெறுமையாகக் கிடந்த அந்த 35 நிமிடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஜோடி வரி வர வேண்டும். சர்வரிலிருந்து தகவலே இல்லாத ஒரு பாக்கெட், வரிசை எண் ஒன்று குறைவாக. வயர்ஷார்க் அதன்மேல் கீப்-அலைவ் என்றே எழுதிக் காட்டும். உடனே குடோனிலிருந்து ஒரு ஒப்புகை. 11:35-க்கு அவன் வந்து பட்டனை அழுத்தும்போது அந்த 87 பைட் ஒரே ஒரு தடவை போயிருந்தால், லைன் கொடுத்தவருக்கும் சாஃப்ட்வேர்காரருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களும் இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள்.